தினமும் நடக்கும் அம்மாவுக்குக் கால் வலு குறைவது ஏன்?

கேள்வி: அயனாவரத்து மகள்

அன்புடையீர், வணக்கம். என் தாயாருக்கு 71 வயது. லிஃப்ட் இல்லாத குடியிருப்பின் இரண்டாம் மாடியில் வசிக்கிறோம். பன்னிரண்டு ஆண்டுகளாக, மழை நாள்கள் தவிர, காலை ஐந்தரை மணிக்கெல்லாம் அருகிலுள்ள பூங்காவுக்குச் சென்று முக்கால் மணி நேரம் நடப்பது அவருடைய வழக்கம். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். அளவு கட்டுக்குள் இருக்கிறது.

சென்ற ஐப்பசியில் டெங்குக் காய்ச்சல் வந்து ஒன்பது நாள் மருத்துவமனையில் படுத்திருந்தார். காய்ச்சல் போய்விட்டது, கால்களின் வலு மட்டும் திரும்பவில்லை. தரையில் அமர்ந்து அரிவாள்மனையில் காய் நறுக்கிவிட்டுச் சட்டென்று எழுந்துகொண்டிருந்தவர், இப்போது எழுவதற்குச் சுவரையோ என் கையையோ தேடுகிறார். மாடிப்படியில் ஒவ்வொரு படியிலும் இரண்டு பாதங்களையும் வைத்த பிறகுதான் அடுத்த படிக்குப் போகிறார். பேருந்தின் முதல் படிக்குப் பயந்து, வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குப் போவதையே விட்டுவிட்டார். முன்பு மணிக்கட்டில் நின்ற வளையல் இப்போது முழங்கைப் பக்கம் வரை ஏறிவிடுகிறது. ஆனால் எடை ஐந்து ஆண்டுகளாக அதே 56 கிலோதான் என்பதால் அவர் இளைத்ததாக வீட்டில் யாரும் நினைக்கவில்லை.

நாங்கள் சைவம். காலையில் மூன்று இட்லியும் சாம்பாரும், மதியம் சோறு, குழம்பு, பொரியல், மோர், மாலையில் காபியும் இரண்டு பிஸ்கட்டும், இரவில் கொஞ்சம் ரசம் சாதம் என்பது அவருடைய சாப்பாடு. வயதானவர்கள் இரவில் குறைவாகச் சாப்பிடுவதே நல்லது என்று உறவினர்கள் சொல்கிறார்கள். “எழுபதுக்கு மேல் இப்படித்தான் இருக்கும், விடு” என்கிறார் மாமா. புரதப் பவுடர் வாங்கிக் கொடு என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். அது சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்கிறார் அண்ணன். நாள் தவறாமல் நடப்பவருக்குத் தசை ஏன் கரைய வேண்டும்? இந்த வயதில் அதைத் திரும்பப் பெற முடியுமா? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1: இயன்முறை மருத்துவர், வேளச்சேரி

சகோதரிக்கு வணக்கம். என்னிடம் வரும் முதியவர்களில் பலர் உங்கள் தாயாரைப் போலவே ஒழுங்காக நடப்பவர்கள். அதனால் முதலில் நடையைப் பற்றியே சொல்லிவிடுகிறேன்.

எலும்புகளை அசைக்கும் தசைகளில் இரண்டு வகை இழைகள் கலந்திருக்கின்றன. மெதுவாகச் சுருங்கி, நெடுநேரம் களைக்காமல் உழைப்பவை ஒரு வகை. விரைவாகச் சுருங்கி, பெரும் விசையைத் தந்து, சீக்கிரம் களைத்துவிடுபவை மற்றொரு வகை. சமதரையில் நடப்பதற்கு முதல் வகையே போதும் என்பதால், எத்தனை ஆண்டுகள் நடந்தாலும் உடல் இரண்டாம் வகையை வேலைக்குக் கூப்பிடுவதில்லை. தரையிலிருந்து எழும்போதும், உயரமான படியில் உடலை மேலே தூக்கும்போதும், கால் தடுக்கிய கணத்தில் விழாமல் தாங்கிக்கொள்ளும்போதும் தேவைப்படுவது அந்த வேக இழைகள்தாம். முதுமையில் முதலில் மெலிவதும் அவைதாம்.

மெலிவதோடு அது முடிவதில்லை. தண்டுவடத்திலிருந்து வரும் ஒவ்வொரு இயக்க நரம்பும் ஒரு தொகுதி இழைகளை ஆள்கிறது. ஏறத்தாழ அறுபது வயதுக்குப் பிறகு இந்த நரம்புகளின் எண்ணிக்கை கணிசமாகக் குறைகிறது. நரம்பை இழந்த இழைகளில் சிலவற்றை அடுத்த நரம்பு தன் கிளையை நீட்டித் தத்தெடுத்துக்கொள்கிறது, எஞ்சியவை அழிந்துபோகின்றன. அதனால்தான் தசையின் அளவைவிட வலிமையும், வலிமையைவிட விரைவும் வேகமாகக் குறைகின்றன. அம்மாவின் பன்னிரண்டு ஆண்டு நடை அவருடைய இதயத்துக்கும் சர்க்கரைக்கும் பெரிய நன்மை செய்திருக்கிறது. அதை நிறுத்தவே கூடாது. ஆனால் தொடையும் பிட்டமும் கேட்கும் சுமையை அந்த நடை கொடுக்கவில்லை.

இந்த நிலைக்கு சார்கோபீனியா என்று பெயர். சதை என்பதற்கும் குறைவு என்பதற்குமான கிரேக்கச் சொற்களைச் சேர்த்து, இர்வின் ரோசன்பர்க் என்ற அமெரிக்க அறிஞர் 1980களின் இறுதியில் முன்மொழிந்த சொல் அது. ஆசிய நாடுகளுக்கான நிபுணர் குழு 2019இல் தந்த அளவுகோல்கள் சிலவற்றை வீட்டிலேயே பார்த்துவிடலாம். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து அமரச் சொல்லுங்கள். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் கவனிக்க வேண்டும். கெண்டைக்காலின் பருத்த பகுதியை அளவு நாடாவால் சுற்றி அளந்தால் பெண்களுக்கு 33 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. வழக்கமான நடையில் 6 மீட்டரைக் கடக்க 6 விநாடிக்கு மேல் ஆவதும் ஓர் அறிகுறி. கைப்பிடி வலிமையை அளக்கும் கருவி மருத்துவமனைகளில் இருக்கும். அதில் பெண்களுக்கு 18 கிலோவுக்குக் கீழே இருந்தால் குறைவு என்று கொள்கிறோம்.

பயிற்சியை நாற்காலியிலிருந்தே தொடங்கலாம். எழ முடியவில்லை என்றால் இருக்கையின் மேல் ஒரு தலையணையைப் போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். கை ஊன்றாமல் எழக்கூடிய உயரம் எதுவோ அங்கிருந்து தொடங்கி, வாரங்கள் போகப்போக உயரத்தைக் குறையுங்கள். எட்டு முதல் பத்து முறை எழுந்து அமர்ந்தால் ஒரு சுற்று. கடைசி இரண்டு முறை உண்மையிலேயே கடினமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் சுமை போதவில்லை என்று பொருள். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது, சுவரில் இரண்டு கைகளையும் ஊன்றித் தள்ளுவது, தண்ணீர் நிரப்பிய பாட்டிலைத் தூக்குவது ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வாரம் இரண்டு அல்லது மூன்று நாள், இடையில் ஒரு நாள் ஓய்வு. எழும்போது மூச்சை அடக்காமல் வெளியே விடச் சொல்லுங்கள். அடக்கினால் ரத்த அழுத்தம் ஏறும். தொடங்குவதற்கு முன் அவரைப் பார்த்துவரும் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

பதில் 2: உடலியங்கியல் ஆசிரியர் (ஓய்வு), மயிலாப்பூர்

மேலே உள்ள பதிலை முழுவதுமாக வழிமொழிகிறேன். அந்த ஒன்பது நாள் படுக்கையைப் பற்றியும் உணவைப் பற்றியும் சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன்.

2007இல் வெளிவந்த ஓர் ஆய்வில், சராசரி வயது 67 உள்ள, நோய் எதுவும் இல்லாத பன்னிரண்டு பேரைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்க வைத்தார்கள். அவர்கள் அன்றாடத் தேவை என்று கணக்கிடப்பட்ட புரதத்தை உண்டுகொண்டுதான் இருந்தார்கள். ஆயினும் கால்களில் மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசைத் திசுவை இழந்தார்கள். உங்கள் தாயாருக்கு அந்தப் படுக்கையோடு காய்ச்சலும் பசியின்மையும் சேர்ந்திருந்தன. நோயின் அழற்சி தசைப் புரதத்தைச் சிதைப்பதை விரைவுபடுத்தும். இளைஞர் ஒருவர் அந்த இழப்பைச் சில வாரங்களில் தாமாகவே ஈடுகட்டிவிடுவார். எழுபது வயதில் யாராவது திட்டமிட்டு ஈடுகட்டினால்தான் உண்டு. எனவே இதை வெறும் வயதின் கணக்கில் எழுதுவது சரியல்ல என்பதை உங்கள் மாமாவிடம் அன்போடு எடுத்துச் சொல்லுங்கள்.

தசை என்பது கட்டி முடித்த வீடு அன்று. அதன் புரதம் ஒவ்வொரு நாளும் சிதைந்துகொண்டும் புதிதாகக் கட்டப்பட்டுக்கொண்டும் இருக்கிறது. புதிதாகக் கட்டுவதற்கான தூண்டுதல் இரண்டு இடங்களிலிருந்து வருகிறது: உணவிலுள்ள புரதம், குறிப்பாக அதன் கட்டுமான அலகுகளான அமினோ அமிலங்களில் ஒன்றான லியூசின், மற்றொன்று தசையின் மேல் விழும் சுமை. முதுமையில் இந்தத் தூண்டுதலுக்குத் தசை மந்தமாகவே பதிலளிக்கிறது. ஒரு வேளை உணவில் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் கால் கிராமுக்குச் சற்றுக் குறைவான புரதம் இளைஞருக்குப் போதுமானதாக இருக்கும்போது, முதியவருக்கு ஏறத்தாழ 0.4 கிராம் வேண்டியிருக்கிறது. 56 கிலோ எடையுள்ள உங்கள் தாயாருக்கு அது வேளைக்கு 22 கிராம். வயதானால் சாப்பாட்டைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்பது நம் வீடுகளில் ஊறிப்போன எண்ணம். சோற்றின் அளவுக்கு அது பொருந்தலாம். புரதத்தைப் பொறுத்தவரை உடல் கேட்பது நேர் எதிரானது.

நீங்கள் சொன்ன சாப்பாட்டைக் கூட்டிப் பார்த்தேன். ஓர் இட்லியில் இரண்டு கிராம் அளவுக்கே புரதம் உண்டு. ரசம் சாதத்தில் சோற்றில் இருப்பதைத் தவிர வேறில்லை. நாள் முழுவதற்கும் முப்பது, முப்பத்தைந்து கிராமைத் தாண்டாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2020இல் வெளியிட்ட பரிந்துரையின்படி பெரியவர்களுக்கு ஒரு கிலோ எடைக்கு 0.83 கிராம் வேண்டும். பருப்பும் தானியமுமே முதன்மையாக உள்ள உணவென்றால் ஒரு கிராம் அளவுக்குத் தேவைப்படும். 65 வயதைக் கடந்தவர்களுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை தேவை என்று 2013இல் ஒரு பன்னாட்டு நிபுணர் குழு சொல்லியிருக்கிறது. அப்படிப் பார்த்தால் உங்கள் தாயார் தமக்கு வேண்டியதில் பாதியைத்தான் உண்கிறார்.

சைவத்திலேயே இதை நிரப்ப முடியும். 50 கிராம் கொண்டைக்கடலையில் ஏறத்தாழ 10 கிராம், 30 கிராம் சோயா உருண்டையில் 15 கிராம், 200 மில்லி பாலில் 6 கிராம், 50 கிராம் பனீரில் 9 கிராம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அரிசியில் குறைவாக உள்ள லைசின் என்ற அமினோ அமிலம் பருப்பில் நிறைய இருக்கிறது. பருப்பில் குறைவான மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் அரிசியில் இருக்கிறது. ஆகவே அடை, பொங்கல் போன்றவற்றில் பருப்பின் பங்கை அரிசிக்குச் சமமாக்கினாலே தரம் உயர்ந்துவிடும். மாலை பிஸ்கட்டின் இடத்தில் சுண்டலையும், ரசம் சாதத்தின் இடத்தில் இரண்டு பாசிப்பருப்பு அடையையும் ஒரு கிண்ணம் தயிரையும் வைத்துப் பாருங்கள்.

அண்ணனின் கவலையை நான் ஒதுக்கிவிடவில்லை. சிறுநீரகம் கடுமையாகப் பழுதுபட்டவர்கள் புரதத்தைக் கட்டுப்படுத்தத்தான் வேண்டும். சர்க்கரை உள்ளவருக்குச் சிறுநீரகச் சோதனையைச் செய்யாமல் உணவை மாற்றக் கூடாது. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவுப் பொருளான கிரியேட்டினினின் அளவும் சிறுநீரக வடிகட்டும் திறனும் சரியாக இருந்தால், நான் சொன்ன அளவு மிகை அன்று. நலமுள்ள ஒருவரின் இயல்பான தேவைதான். பவுடர் என்பது சாப்பிட முடியாதவர்களுக்கு ஒரு வசதி, அவ்வளவே.

உணவு மட்டும் போதுமா என்றால் போதாது. பாஸ்டன் நகரின் முதியோர் மருத்துவ இல்லம் ஒன்றில் நூறு பேரை வைத்து நடத்தப்பட்டு 1994இல் வெளிவந்த ஆய்வில், பத்து வாரம் பளுப் பயிற்சி செய்தவர்களின் வலிமை இரு மடங்குக்கு மேலானது. பயிற்சி இல்லாமல் ஊட்டச்சத்து பானம் மட்டும் குடித்தவர்களிடம் பயன் எதுவும் தெரியவில்லை. அந்த நூறு பேரின் சராசரி வயது 87. அதற்கு முன் 1990இல் அதே ஆய்வாளர்கள் தொண்ணூறு வயதையொட்டிய பத்துப் பேருக்கு எட்டு வாரப் பயிற்சி கொடுத்தபோது, வலிமை சராசரியாக 174 விழுக்காடு கூடியது. தொடைத் தசையின் பரப்பு 9 விழுக்காடு கூடியது. இந்த இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள தூரத்தைக் கவனியுங்கள். தசை பருப்பதற்கு வெகு முன்னரே, இருக்கும் இழைகளை நரம்புகள் நன்றாகப் பயன்படுத்தக் கற்றுக்கொண்டுவிடுகின்றன. உங்கள் தாயாரிடமும் முதல் மாற்றம் தொடையின் சுற்றளவில் தெரியாது. எழும் விதத்தில் தெரியும்.

எடை மாறாததற்கும் விளக்கம் இதுதான்: தசை போன இடத்தில் கொழுப்பு வந்து அமர்ந்தால் தராசுக்கு வேறுபாடு தெரியாது. புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக், ஜான் யுட்கின் என்ற ஆங்கிலேய நண்பரோடு எடுத்த ஒரு படம் 2004இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வந்தது. இருவருக்கும் உயரத்துக்கான எடைக் குறியீடு ஒன்றே, 22.3. உடல் கொழுப்போ நண்பருக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2. நம்மவர் உடல் பொதுவாகவே தசையில் ஏழை. உணவுக்குப் பின் ரத்தத்தில் சேரும் சர்க்கரையைப் பெரிதும் வாங்கிக்கொள்வது தசை என்பதால், அது குறைவது உங்கள் தாயாரின் நீரிழிவையும் பாதிக்கும்.

அயனாவரத்து மகள்

இருவருக்கும் என் மனமார்ந்த நன்றி. நேற்று அளந்து பார்த்தோம். கை ஊன்றாமல் அவரால் ஒரு முறைகூட எழ முடியவில்லை; ஊன்றி எழுந்தபோது ஐந்து முறைக்கு 19 விநாடி ஆயிற்று. கெண்டைக்கால் 30 சென்டிமீட்டர். சிறுநீரகச் சோதனை முடிவுகள் இயல்பாக உள்ளன என்று எங்கள் மருத்துவர் சொல்லிவிட்டார்.

இரண்டு சிக்கல்கள். சுண்டல் சாப்பிட்டால் வாயு பிடிக்கிறது என்று அம்மா தட்டை நகர்த்திவிடுகிறார். அடுத்தது, “செய்யாற்றில் என் அம்மா எண்பது வயது வரை இதையெல்லாம் செய்யாமலே திடமாக இருந்தாரே” என்று கேட்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

பதில் 3: பெரம்பூர் தாத்தா

மகளே, எனக்கு 76 வயது. நான் படித்தவன் அல்லன். பட்டறையில் இரும்போடு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் இடுப்பெலும்பு முறிந்து அறுவை செய்துகொண்டு, மூன்று மாதம் கட்டிலோடு கிடந்தேன். எழுந்தபோது என் தொடையை நானே அடையாளம் காணவில்லை. நாற்பது ஆண்டு இரும்பு தூக்கிய கால், கழிப்பறையிலிருந்து எழ முடியாமல் நடுங்கியது. அன்று நான் அழுததை என் மனைவி மட்டும் அறிவாள்.

பயிற்சி சொல்லிக் கொடுத்த பெண் இதே நாற்காலிப் பயிற்சியைத்தான் தந்தார். முதல் மாதம் இரண்டு தலையணை, அடுத்த மாதம் ஒன்று, பிறகு வெறும் நாற்காலி. அதன்பின் பேரனின் பழைய பள்ளிப் பையில் ஒரு கிலோ அரிசிப் பொட்டலங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்து, மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தேன். ஐந்தாம் மாதம் நான்கு பொட்டலம். இப்போது வியாசர்பாடி ஜீவா ரயில் நிலையத்தின் படிகளில் கைப்பிடியைத் தொடாமல் ஏறுகிறேன்.

ஒன்றை மட்டும் எச்சரிக்கிறேன். நடுவில் மகள் வீட்டுக்கு ஓசூர் போய் ஒரு மாதம் தங்கினேன், பயிற்சியை விட்டுவிட்டேன். திரும்பி வந்தபோது மூன்று பொட்டலம்கூடத் தூக்க முடியவில்லை. ஊருக்குப் போனாலும் பையைக் கூடவே எடுத்துப் போகச் சொல்லுங்கள். அரிசி எல்லா ஊரிலும் கிடைக்கும்.

வாயுவுக்கு நாங்கள் செய்வது: கடலையை முதல் நாள் இரவே ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, முளை எட்டிப் பார்க்கும் வரை துணியில் கட்டி வைத்து, பெருங்காயமும் இஞ்சியும் சேர்த்துக் குழைய வேகவைப்பது. முதல் வாரம் இரண்டு கரண்டிக்கு மேல் கொடுக்க வேண்டாம்.

பதில் 4: உடலியங்கியல் ஆசிரியர் (ஓய்வு), மயிலாப்பூர்

ஐயா எழுதியது மிகச் சரி. நான் குறிப்பிட்ட 1990ஆம் ஆண்டு ஆய்விலும், பயிற்சியை நிறுத்திய நான்கே வாரத்தில் கூடிய வலிமையில் பெரும் பகுதி கரைந்து, உச்ச வலிமை 32 விழுக்காடு குறைந்தது.

உங்கள் பாட்டியைப் பற்றிய கேள்வி என்னைச் சற்று நேரம் நிறுத்தி வைத்தது. அவர் பயிற்சி செய்யவில்லை என்று எப்படிச் சொல்வது? கிணற்றில் நீர் இறைத்தார், இடுப்பில் குடம் சுமந்தார், ஆட்டுக்கல்லில் மாவரைத்தார், குனிந்து நாற்று நட்டிருக்கலாம், ஒரு நாளில் பலமுறை தரையில் அமர்ந்து எழுந்தார். சுமையும் ஆழமான அமர்வும் அவருடைய வேலைக்குள்ளேயே இருந்தன. அந்த வேலைகளை மோட்டாரும் கிரைண்டரும் மேசையும் எடுத்துக்கொண்டது நல்லதே. அந்த உழைப்பு எத்தனை பெண்களின் முதுகை ஒடித்தது என்பதையும் நான் பார்த்தவன். ஆனால் தசைக்குக் கிடைத்துவந்த சுமையும் அவற்றோடு சேர்ந்து போய்விட்டது. அதை வாரத்தில் மூன்று அரைமணி நேரங்களில் திருப்பித் தருவதுதான் இந்தப் பயிற்சி. அம்மாவிடம் இப்படியே சொல்லிப் பாருங்கள். பாட்டியின் குடத்துக்குப் பதிலாக இந்தப் பை என்று.

பருப்பு ஒத்துக்கொள்ளும் வரை பால், தயிர், பனீர் ஆகியவற்றால் ஈடுகட்டுங்கள். பாசிப்பருப்பு மற்ற பருப்புகளைவிட எளிதில் செரிக்கும்.

பதில் 5: இயன்முறை மருத்துவர், வேளச்சேரி

கை ஊன்றாமல் எழ முடியவில்லை என்பதால், வீட்டுப் பயிற்சியைத் தொடங்கும் முன் ஒருமுறை முதியோர் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். இந்தியாவில் முதியோர் மருத்துவத்துக்கு வித்திட்ட ஊர் நம் ஊர்தான், மருத்துவர் வி. எஸ். நடராசனின் முயற்சியால் 1978இலேயே சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் முதியோருக்கென்று புறநோயாளிப் பிரிவு தொடங்கியது. இப்போது கிண்டி கிங் நிலைய வளாகத்தில் 2024இல் திறக்கப்பட்ட தேசிய முதியோர் நல மருத்துவமனையும் இருக்கிறது. உங்களுக்கு எது வசதியோ அங்கே போகலாம்.

போகும்போது மூன்றைக் கேளுங்கள். முதலாவது வைட்டமின் பி12. அம்மா சைவம், மெட்ஃபார்மினை நீண்ட நாள் சாப்பிடுபவர்களுக்கு பி12 குறைவது உண்டு, அது குறைந்தால் கால் தள்ளாட்டமும் சோர்வும் வரும், பயிற்சியால் அது தீராது. இரண்டாவது வைட்டமின் டி. இவ்வளவு வெயில் அடிக்கும் ஊரிலும் அது குறைந்தவர்கள் ஏராளம். குறைவு இருந்தால் ஈடுசெய்ய வேண்டும். இல்லாதவர் கூடுதலாகச் சாப்பிடுவதால் தசை வலுக்காது. மூன்றாவது தைராய்டு. கொழுப்புக்காக ஸ்டாட்டின் மாத்திரை சாப்பிடுகிறாரா, தொடையில் வலி இருக்கிறதா என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். நீங்களாக எதையும் நிறுத்திவிட வேண்டாம்.

நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள், பின்னால் நகரக் கூடாது. முதல் நான்கு வாரம் நீங்கள் எதிரே நிற்க வேண்டும், கை கொடுக்க வேண்டாம். விழப் போனால் பிடிக்கும் தூரத்தில் நின்றால் போதும். எட்டு வாரம் கழித்து, அதே நாற்காலியில், அதே நேரத்தில், தலையணை எத்தனை, விநாடி எத்தனை என்று குறித்து இங்கே எழுதுங்கள். அடுத்த சுமையை அதைப் பார்த்துச் சொல்கிறேன்.